முறுக்கு உரலும் மாமாவின் ஜீப்பும்: சிசி என்றால் என்ன?

என் தாய்மாமா பர்மாவில், பெகுவில் இருக்கிறார். அவரிடம் ஒரு வில்லீஸ் ஜீப் இருக்கிறது. உலகப் போர் முடிந்ததும் படைக்காரர்கள் விட்டுவிட்டுப் போன வண்டிகளில் ஒன்று. எத்தனை கை மாறித் தன்னிடம் வந்தது என்று அவருக்கே தெரியாது. போன தீபாவளிக்குப் போயிருந்தபோது டீக்கடையில் நாலு பேர் முன்னால், “நம்ம ஜீப்புக்கு 134 குதிரைசக்தி” என்றார். பக்கத்தில் இருந்தவர் விடவில்லை. “இல்லண்ணே, 2200 சிசி. அப்ப 2200 குதிரை.” பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற இன்னொரு பெரியவர், “சிசிங்கிறது டாங்கில பிடிக்கிற பெட்ரோல் கணக்குப்பா” என்று தீர்ப்புச் சொன்னார். டீ ஆறியதுதான் மிச்சம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 134, 2200 இரண்டுமே அந்த ஜீப்புக்குச் சரியான எண்கள். இரண்டும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. ஆனால் அது குதிரைசக்தியும் இல்லை, பெட்ரோலும் இல்லை. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அந்த எஞ்சினின் குதிரைசக்தி 60.

பாதிக் குழப்பத்துக்கு நம் மொழியும் காரணம். சிசியைத் தமிழில் ‘எஞ்சின் கொள்ளளவு’ என்று எழுதிவிடுகிறோம். கொள்ளளவு என்றதும் குடம், அண்டா, டாங்கு என்றுதான் மனம் போகும். எதையோ ஊற்றி நிரப்பி வைக்கிற பாத்திரம் போல. எஞ்சின் அப்படி எதையும் நிரப்பி வைத்துக்கொள்வதில்லை. உள்ளே இழுக்கிறது, எரிக்கிறது, வெளியே தள்ளுகிறது. ஒரு தடவைக்கு எவ்வளவு இடத்தைப் பெருக்கித் தள்ளுகிறது என்பதுதான் அந்த எண்.

உரலில் எவ்வளவு மாவு?

இதைப் புரிந்துகொள்ள பட்டறைக்குப் போக வேண்டாம். அடுக்களையில் முறுக்கு உரல் இருந்தால் போதும்.

உரல் ஒரு பித்தளைக் குழாய். அடியில் ஓட்டை போட்ட அச்சு. மேலிருந்து அழுத்த ஒரு கட்டை. மாவை அடைத்து அழுத்துகிறோம், கட்டை இறங்குகிறது, முறுக்கு விழுகிறது. கட்டை முழுவதும் இறங்கி நின்றபின் பிரித்துப் பார்த்தால், அச்சுக்கு மேலே கொஞ்சம் மாவு பிதுங்காமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை வழித்து அடுத்த ஈட்டுக்குச் சேர்த்துக்கொள்வோம்.

வெளியே வந்த மாவு எவ்வளவு? அதற்கு இரண்டு விஷயம் தெரிந்தால் போதும்: குழாய் எவ்வளவு அகலம், கட்டை எவ்வளவு தூரம் இறங்கியது. அகலமான உரலானால் அதிகம் வரும். நீளமான உரலானாலும் அதிகம் வரும். உரல் எத்தனை கிலோ எடை, பிடி எவ்வளவு பெரிது என்பதெல்லாம் கணக்கில் வராது. அடியில் ஒட்டி நின்ற மாவும் வராது.

உரலைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். இப்போது அது எஞ்சின். குழாய்க்குப் பெயர் சிலிண்டர். கட்டைக்குப் பெயர் பிஸ்டன். அச்சு இருந்த இடத்தை மூடிக்கொண்டிருப்பது ஹெட். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்த கலவையை இழுக்கிறது. மேலே ஏறும்போது அதை நெருக்குகிறது. பிஸ்டன் உச்சிக்கு ஏறிய பிறகும் ஹெட்டுக்கு அடியில் கொஞ்சம் இடம் மிஞ்சும். ஒட்டிய மாவு இருந்த இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொறி அடித்துக் கலவை எரிவது அந்தச் சின்ன இடத்தில்தான். அதன் பெயர் எரியறை. சிசி கணக்கில் எரியறை சேராது. பிஸ்டன் ஏறி இறங்குகிற இடம் மட்டும்தான் சேரும்.

சிசி என்ற சொல்லை நாம் எல்லோரும் ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறோம். “ரெண்டு சிசி போடுங்க” என்பார் டாக்டர். அதே சிசிதான். கன சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள சின்னக் கட்டி அடைக்கிற இடம். மில்லிலிட்டர் என்று சொன்னாலும் அதேதான். ஆயிரம் சேர்ந்தால் ஒரு லிட்டர். ஊசிக் குழலில் போட்டிருக்கும் கோடுகளும் உள்ளே இருக்கிற தண்டு நகர்ந்த இடத்தைத்தான் காட்டுகின்றன.

இதுவரை சொன்னது: சிசி என்பது பிஸ்டன் ஒரு முறை முழுதாக நகரும்போது பெருக்கித் தள்ளுகிற இடம். நாலு சிலிண்டர் இருந்தால் நாலையும் கூட்ட வேண்டும்.

ஜீப்பைக் கணக்குப் போடுவோம்

இரண்டு சொற்கள் போதும். சிலிண்டரின் உள்விட்டத்துக்கு போர் (bore) என்று பெயர். பிஸ்டன் அடியிலிருந்து உச்சிக்கு நகர்கிற தூரத்துக்கு ஸ்ட்ரோக் என்று பெயர்.

வில்லீஸ் ஜீப்பின் போர் 3.125 அங்குலம், ஸ்ட்ரோக் 4.375 அங்குலம், சிலிண்டர் நாலு. போரைப் போராலேயே பெருக்குங்கள்: 9.766. அதை 0.7854-ஆல் பெருக்குங்கள். (சதுரத்துக்குள் வட்டம் அடைக்கிற பங்கு அது, பள்ளிக்கூடத்தில் படித்த பை (π) எண்ணில் நாலில் ஒன்று.) 7.67 சதுர அங்குலம் வருகிறது. உரலின் வாய் அவ்வளவு. அதை ஸ்ட்ரோக்கால் பெருக்கினால் 33.56 கன அங்குலம். நாலு சிலிண்டருக்கு 134.2.

மாமா சொன்ன 134 இதுதான்! எப்போதோ யாரோ அமெரிக்கக் கையேட்டைப் புரட்டி, அதில் இருந்த 134-ஐக் குதிரை என்று நினைத்துவிட்டார்கள். பிறகு அது வாய்வழியாகவே வந்து சேர்ந்திருக்கிறது.

அதே கணக்கைச் சென்டிமீட்டரில் போட்டால் 2199 சிசி. பேச்சில் 2200. லிட்டரில் சொன்னால் 2.2. டீக்கடையில் சண்டை போட்ட இருவரும் ஒரே இடத்தை இரண்டு முழக்கோலால் அளந்திருக்கிறார்கள்.

ஒரு சிலிண்டருக்கு மட்டும் பார்த்தால் சுமார் 550 சிசி. அதன் எரியறை சுமார் 100 சிசி. ஆக பிஸ்டன் அடியில் இருக்கும்போது 650 சிசி இடத்தில் இருந்த கலவை, உச்சிக்கு வரும்போது 100 சிசியில் நெருக்கப்படுகிறது. ஆறரை மடங்கு நெருக்கம். கையேட்டில் 6.48 என்று போட்டிருக்கும். இதற்குக் கம்ப்ரெஷன் விகிதம் என்று பெயர். எரியறை சிசியில் சேராவிட்டாலும் இங்கே வந்து தன் வேலையைக் காட்டும். கொஞ்சம் பொறுங்கள், இதற்குத் திரும்பி வருவோம்.

வீசையும் கன அங்குலமும்

பர்மாக்காரர்களுக்கு அளவுக் குழப்பம் புதிதா என்ன? சந்தையில் இன்றைக்கும் வீசைக் கணக்கில்தான் மீன் வாங்குகிறோம். இங்கே ஒரு வீசை சுமார் 1.63 கிலோ. அந்தக் காலத்துச் சென்னை வீசையோ ஏறத்தாழ 1.4 கிலோ. பெயர் ஒன்று, எடை வேறு. எஞ்சினில் இதற்கு நேர்மாறு. பொருள் ஒன்று, பெயர் மூன்று: அமெரிக்க வண்டிக்குக் கன அங்குலம், ஜப்பான் வண்டிக்கு சிசி, இப்போதைய விளம்பரத்துக்கு லிட்டர்.

மாற்றிக்கொள்ள ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும்: 61 கன அங்குலம் ஒரு லிட்டர். ஒரு கன அங்குலம் 16.4 சிசி.

ரங்கூன் தெருக்களில் பல ஆண்டுகள் ஓடிய, மரக்கூண்டு கட்டிய செவர்லே பஸ்களை நினைவிருக்கிறதா? உலகப் போர்க் காலத்து ராணுவ லாரியின் சேசிஸில், அதாவது அடிச்சட்டத்தில், கட்டியவை. அந்த லாரிக்கு முதலில் இருந்தது 216 எஞ்சின். 216-ஐ 61-ஆல் வகுத்தால் மூன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆறு சிலிண்டர், போர் மூன்றரை அங்குலம், ஸ்ட்ரோக் மூன்றே முக்கால். வேண்டுமானால் நீங்களே போட்டுப் பாருங்கள், 216 வரும். (பின்னாளில் அவற்றில் பலவற்றுக்கு ஜப்பான் டீசல் எஞ்சினை மாட்டிவிட்டார்கள். வெளியே செவர்லே, உள்ளே வேறு ஆள்.)

பெயரில் இருக்கிற எண்ணை நம்பலாமா?

ஓரளவுக்குத்தான். இதில்தான் பழைய வண்டிக்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள்.

நம் ஊர் நீல டாக்சியை எடுத்துக்கொள்வோம். லே பெயின் என்று கூப்பிடுவோமே, அந்தச் சின்ன மஸ்தா பி600. பின்னால் இரண்டு பலகை, குறுக்கே முட்டி இடிக்க உட்கார்ந்து மார்க்கெட் கூடையோடு வந்தவர்கள் ரங்கூனில் ஏராளம். பெயரில் 600 இருக்கிறது. உண்மையில் அது 577 சிசி. இரண்டு சிலிண்டர், போர் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 75. பெயருக்காக மேலே ஏற்றி முழு எண்ணாக்கிவிட்டார்கள். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, எல்லா நாட்டுக்காரரும் செய்வதுதான். 1496-ஐ 1500 என்பார்கள், 346-ஐ 350 என்பார்கள்.

இந்த பி600-க்கு ஜப்பானில் பி360 என்று ஒரு தம்பி உண்டு. 360 என்ற எண் வானத்திலிருந்து விழவில்லை. ஜப்பானில் ‘கே’ என்ற சிறு வண்டி வகைக்கு வரிச் சலுகை கிடைத்தது. அந்த வகையில் சேர 360 சிசிக்கு மேல் போகக் கூடாது. அதனால்தான் அந்தக் காலத்து ஜப்பான் குட்டி வண்டிகளின் எஞ்சின்கள் 356, 358, 359 என்று வேலிக்கு உட்புறமாகவே நிற்கும். 1976-ல் வேலியை 550-க்கு நகர்த்தினார்கள், 1990-ல் 660-க்கு. அரசாங்கம் கோடு போட்ட இடத்தில் எஞ்சின் வந்து நின்றது.

பிரிட்டிஷ் வண்டிகளின் கதை இதைவிட வினோதம். மோரிஸ் எய்ட், ஆஸ்டின் செவன் என்று பெயர் வைத்தார்களே, அந்த எட்டும் ஏழும் என்ன? குதிரைசக்தி என்பார்கள். உண்மையான குதிரைசக்தி இல்லை, வரிக்காகச் செய்த காகிதக் குதிரை. போரை அங்குலத்தில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, இரண்டரையால் வகுத்தால் வருவதுதான் அந்த எண். இதில் எதை விட்டுவிட்டார்கள் என்று கவனித்தீர்களா? ஸ்ட்ரோக் இல்லை!

உரலின் வாய் அகலத்துக்கு மட்டும் வரி, உயரத்துக்கு வரி இல்லை என்றால் நாம் என்ன செய்வோம்? ஒல்லியாக, உயரமாக உரல் வார்ப்போம். அவர்களும் அதையே செய்தார்கள். மோரிஸ் எய்ட்டின் போர் 57 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90. சூத்திரப்படி எட்டுக் குதிரை, வரியும் எட்டுக்கு. ஆனால் எஞ்சின் உண்மையில் 918 சிசி, தந்த சக்தி 23 குதிரைக்கு மேல். 1910-லிருந்து 1940-களின் கடைசி வரை பிரிட்டனில் இந்த வரி முறை இருந்தது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் எஞ்சின்கள் பல ஒல்லியாக நெட்டையாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். யாராவது “எட்டுக் குதிரை ஆஸ்டின்” என்றால் சிசியையும் கேட்டுக்கொள்ளுங்கள். எட்டு அவருக்குப் பெருமை, உங்களுக்குத் தகவல் இல்லை.

இதுவரை சொன்னது: கன அங்குலம், சிசி, லிட்டர் மூன்றும் ஒன்றுதான். பெயரில் இருக்கிற எண் முழுமையாக்கியதாக இருக்கலாம், வரிக்காகச் செய்ததாகவும் இருக்கலாம். போரும் ஸ்ட்ரோக்கும் கிடைத்தால் கணக்கு நம் கையில்.

சிசி அதிகம், சக்தி குறைவு: எப்படி?

ரங்கூனில் தடுக்கி விழுந்தால் ஒரு டொயோட்டா ப்ரோபாக்ஸ் டாக்சி மேல்தான் விழ வேண்டும். அதில் நாம் 1500 சிசி என்று சொல்கிற எஞ்சின் நூறு குதிரைக்கு மேல் தருகிறது. மாமாவின் ஜீப்போ 2199 சிசியை வைத்துக்கொண்டு 60-தான் தருகிறது. இதைச் சொன்னால் மாமாவுக்குக் கோபம் வரும். ஆனால் காரணம் தெரிந்தால் கோபம் குறையும்.

சிசி என்பது ஒரு மூச்சின் அளவு. சக்தி என்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது: நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ஒவ்வொரு மூச்சும் எவ்வளவு நிறைவாக வருகிறது, வந்ததை எவ்வளவு நெருக்கி எரிக்கிறோம்.

இந்த எஞ்சின்களில் தண்டு இரண்டு சுற்று சுற்றினால் ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு முறைதான் மூச்சு இழுக்கும். ஜீப் தன் முழுச் சக்தியைத் தருவது நிமிடத்துக்கு 4000 சுற்றில். அதாவது 2000 மூச்சு. ஒரு மூச்சு 2.2 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 4400 லிட்டர். பட்டறை வாசலில் கிடக்கும் 200 லிட்டர் ட்ரம் இருக்கிறதே, அதில் 22 ட்ரம் காற்று. ப்ரோபாக்ஸ் எஞ்சின் 6000 சுற்று வரை போகும். 3000 மூச்சு, ஒவ்வொன்றும் ஒன்றரை லிட்டர். கணக்குப் போட்டால் 4500 லிட்டருக்குப் பக்கம். கிட்டத்தட்ட அதே 22 ட்ரம்!

முதல் முறை இந்தக் கணக்கைப் போட்டபோது நான் தப்பாகப் பெருக்கிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். இல்லை. சின்ன எஞ்சின் வேகமாக மூச்சுவிட்டுப் பெரிய எஞ்சினைப் பிடித்துவிடுகிறது. மிச்ச வித்தியாசம் மற்ற இரண்டில் இருக்கிறது. ஜீப்பின் வால்வுகள், அதாவது கலவையை உள்ளே விட்டுப் புகையை வெளியே விடுகிற கதவுகள், சிலிண்டருக்குப் பக்கவாட்டில் இருக்கின்றன; கலவை வளைந்து நெளிந்து வந்து சேர வேண்டும், மூச்சு முழுதாக நிரம்பாது. புது எஞ்சினில் வால்வுகள் தலைக்கு மேலேயே இருக்கின்றன, நேராக வந்து விழும். அப்புறம், முன்பு சொன்ன நெருக்கம். ஜீப்பில் ஆறரை மடங்கு. புதியதில் பத்துக்கு மேல். நன்றாக நெருக்கி எரித்தால் அதே கலவை இன்னும் பலமாகத் தள்ளும். ஜீப் பிறந்த காலத்தில் கிடைத்த பெட்ரோலில் அவ்வளவு நெருக்கினால், எரிய வேண்டிய கலவை வெடித்து எஞ்சின் ‘டக டக’ என்று தட்டும். அதனால் குறைவாக வைத்தார்கள்.

அப்படியானால் பெரிய சிசியால் ஒரு லாபமும் இல்லையா? உண்டு. அது மெதுவான சுற்றில் தெரியும். எஞ்சின் தண்டைத் திருப்புகிற பலத்துக்கு டார்க் என்று பெயர். தமிழில் முறுக்கு விசை. (முறுக்கு உரலில் தொடங்கி முறுக்கு விசையில் வந்து நிற்கிறோம். நான் திட்டமிடவில்லை.) ஜீப் தன் முழு முறுக்கு விசையை 2000 சுற்றிலேயே தந்துவிடும். ப்ரோபாக்ஸ் அதற்கு 4000 சுற்றுக்கு மேல் போக வேண்டும். மழைக்காலத்துச் சேற்றுப் பாதையில், ஆமை வேகத்தில் ஏழு பேரோடு ஜீப் முனகாமல் ஏறுவது இதனால்தான். மாமாவிடம் இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் 60 குதிரையைச் சொன்னேன்.

காகிதத்தில் ஒரு சிசி, இரும்பில் ஒரு சிசி

பழைய வண்டிக்கு மட்டும் உள்ள சிக்கல் ஒன்று பாக்கி. பல ஆண்டு ஓடிய சிலிண்டர் தேய்ந்து, வட்டம் கோணலாகிவிடும். புகை வரும், எண்ணெய் குடிக்கும். அப்போது லேத் பட்டறையில் கொடுத்துச் சிலிண்டரைக் கொஞ்சம் அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள். இதுதான் ரீபோர். ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது, நாற்பது, அறுபது பங்கு என்று படிப்படியாகப் போகும். பட்டறையில் “நாற்பது சைஸ்” என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

போர் அகலமானால் சிசி கூடும் அல்லவா? கூடும். ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. நாற்பது சைஸ் போட்ட வில்லீஸ் 2256 சிசி. அறுபது போட்டால் 2285. முதலில் இருந்ததைவிட நூற்றுக்கு நாலு பங்கு அதிகம், அவ்வளவுதான். “ரீபோர் செஞ்சா பெட்ரோல் ரெண்டு மடங்கு குடிக்கும்” என்று பயமுறுத்துபவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம். அறுபதுக்கும் தேய்ந்துவிட்டால் உள்ளே புதிதாக ஒரு குழாய், அதாவது ஸ்லீவ், இறக்கி மறுபடி பழைய அளவுக்குக் கடைவார்கள். சிசியும் 2199-க்குத் திரும்பிவிடும். ஸ்ட்ரோக் மட்டும் இதில் எதற்கும் அசையாது. அதைத் தீர்மானிப்பது, பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்குகிற கிராங்க் தண்டின் வளைவு. பிஸ்டன் தேயலாம், சிலிண்டர் தேயலாம், பிஸ்டன் நடக்கிற தூரம் அதேதான்.

தீபாவளி முடிந்த இரண்டாம் நாள், புகை தாங்காமல் மாமா ஜீப்பின் ஹெட்டைக் கழற்ற ஆள் கூப்பிட்டார். வந்த சயா (மெக்கானிக்கை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) அறுபது வயதுக்காரர், பேச்சு குறைவு. ஹெட்டைத் தூக்கி வைத்துவிட்டு, வெர்னியர் அளவுகோலை எடுத்துச் சிலிண்டரின் வாயில் வைத்தார். நான் எட்டிப் பார்த்துக் கணக்குப் போடப் போனேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் பிஸ்டனின் தலையைத் துடைத்தார். கரி போனதும் இரும்புச் சட்டியில் கீறினாற்போல் மூன்று இலக்கம் தெரிந்தது: 040. பெரிய சைஸ் பிஸ்டனில் அதன் சைஸை இப்படி மேலேயே குத்தியிருப்பார்கள். நாலு பிஸ்டனிலும் அதுவே இருந்தது.

“அப்ப நம்ம ஜீப்பு 2256-ஆ?” என்றார் மாமா. அதற்குள் கணக்கு அவருக்கே பழகிவிட்டது. பதிவுப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார். அதில் 2199 என்று இருந்தது. சயா இரண்டையும் பார்த்தார். அடுத்த கடைசலுக்கு இன்னும் ஒரு சைஸ் பாக்கி இருக்கிறது, அறுபது போடலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு டீ கேட்டார்.